எகிப்தின் மூன்று நாட்காட்டிகள்: முதன்முறை செல்லும் பயணிக்கு ஓர் எளிய விளக்கம்

எகிப்துக்கு முதன்முறை புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் கீசாவின் பிரமிடுகளையும் துத்தன்காமுனின் பொன் முகமூடியையும் லக்சரின் பெருந்தூண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டே கிளம்புகின்றனர். அவை கட்டாயம் பார்க்க வேண்டியவைதாம். ஆயினும் அவற்றோடு நின்றுவிடும் பயணி, எகிப்தின் மரபு கல்லறைகளோடு முடிந்துவிட்டது என்றும், இன்று அங்கே வாழும் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கும் அந்தப் பழமைக்கும் பெரிய தொடர்பில்லை என்றும் கருதிக்கொண்டு ஊர் திரும்ப நேரிடும். அந்தத் தொடர்பை அருங்காட்சியகத்தில் தேடுவதைவிட எகிப்தியரின் ஆண்டுக் கணக்கில் தேடுவது நல்லது. எந்த நாளில் எதை உண்கிறார்கள், எப்போது நோன்பிருக்கிறார்கள், எந்த மாதத்தில் அறுவடை செய்கிறார்கள், யாருடைய விழாவுக்கு எந்த ஊரில் கூடுகிறார்கள் என்பவற்றை அறிந்துகொண்டவருக்கு அந்த நாட்டின் பண்பாடு பாதி விளங்கிவிடும்.

எகிப்தில் அச்சாகும் நாட்காட்டித் தாள்களில் ஒரே நாளுக்கு மூன்று தேதிகளைக் காணலாம். முதலாவது, அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் பின்பற்றும் ஆங்கில நாட்காட்டியின் தேதி. இது 1875-இல்தான் அந்நாட்டின் அலுவல் வழக்குக்கு வந்தது. இரண்டாவது, பிறையைக் கொண்டு மாதத்தைத் தொடங்கும் ஹிஜ்ரி தேதி. மூன்றாவது, எகிப்தின் மரபுக் கிறித்தவர்களான காப்டிக் மக்களின் திருச்சபைத் தேதி. மூன்றாவதைத்தான் பயணிகள் கவனிப்பதே இல்லை. உண்மையில் அதுதான் மற்ற இரண்டையும்விடப் பழமையானது. பிரமிடுகளைக் கட்டியவர்களின் நாட்டில் பிறந்து, சிற்சில திருத்தங்களுடன் இன்றுவரை பயன்பாட்டில் இருப்பது என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

பண்டைய எகிப்தியர் ஆண்டை முப்பது நாள்கள் கொண்ட பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்து, இறுதியில் ஐந்து நாள்களைத் தனியே சேர்த்து, 365 நாள்கள் கொண்ட ஆண்டாகக் கணக்கிட்டனர். பருவங்கள் மூன்று: நைல் பெருகி வயல்களை மூடும் வெள்ளக் காலம், வெள்ளம் வடிந்த வண்டலில் பயிர் முளைக்கும் காலம், அறுவடைக் காலம். சில வாரங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் சிரியஸ் விண்மீன் கோடையில் விடியலுக்குச் சற்று முன் கிழக்கில் மீண்டும் தென்படுவது வெள்ளப் பெருக்கின் தொடக்கத்தை ஒட்டி நிகழ்ந்தது. எனவே அதையே புத்தாண்டின் அடையாளமாகக் கொண்டனர். ஆனால் சூரிய ஆண்டு 365 நாள்களைவிட ஏறக்குறைய கால் நாள் நீளமானது. அதனால் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் நாட்காட்டி பருவத்தை விட்டு விலகிக்கொண்டே போயிற்று. கி.மு. 238-இல் மூன்றாம் தாலமி மன்னரின் காலத்தில் வெளியிடப்பட்ட கனோபஸ் ஆணை, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆறாவது மிகுநாளைச் சேர்க்கும்படி கூறியது. அது அப்போது நிலைபெறவில்லை. எகிப்து ரோமானியரின் ஆட்சிக்குள் வந்தபின் அகஸ்டஸ் காலத்தில்தான் அந்தத் திருத்தம் வேரூன்றியது. திருத்தப்பட்ட அந்த நாட்காட்டியே காப்டிக் திருச்சபையின் நாட்காட்டியாகத் தொடர்கிறது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு உரிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து இந்தியாவுக்குச் செல்லும் கப்பல்கள் கோடையின் நடுவில், சிரியஸ் தோன்றுவதற்குச் சற்று முன்போ தோன்றியவுடனேயோ புறப்படும் என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதியுள்ளார். நைல் வெள்ளத்தை அறிவித்த அதே விண்மீன், முசிறிக்குப் பாய் விரிக்கும் நேரத்தையும் அறிவித்தது. செங்கடற்கரையில் உள்ள குசெய்ர் அல்-காதிமிலும் பெரெனிகேயிலும் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. பெரெனிகேயின் கோயில் வளாகம் ஒன்றில் ஒரு பெரிய சாடி நிறைய இந்திய மிளகும் கண்டெடுக்கப்பட்டது.

காப்டிக் ஆண்டு செப்டம்பர் 11-இல் தொடங்குகிறது. சில ஆண்டுகளில் 12-இல் தொடங்கும். ஆண்டுக் கணக்கின் தொடக்கம் கி.பி. 284, அதாவது ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் அரியணை ஏறிய ஆண்டு. அவருடைய ஆட்சியில் எகிப்தியக் கிறித்தவர்கள் கொடுமையாகக் கொல்லப்பட்டதன் நினைவாக அதை அவர்கள் ‘மறைசாட்சிகளின் ஆண்டு’ என்று வழங்குகின்றனர். மாதப் பெயர்களில் பழைய தெய்வங்களும் விழாக்களும் இன்னும் உயிரோடிருக்கின்றன. முதல் மாதமான தூத் என்பது எழுத்தின் தெய்வமான தோத்தின் பெயர். மூன்றாம் மாதமான ஹாத்தூர் என்பது ஹாத்தோர் தேவியின் பெயர். கிறித்தவத் திருச்சபை தன் திருநாள்களை இந்தப் பெயர்களைக் கொண்டே குறித்துவருகிறது என்பதும், முஸ்லிம் உழவர்களும் இவற்றையே சொல்லித் தங்கள் பயிர்வேலைகளைக் கணித்துவந்தனர் என்பதும் எகிப்தின் இயல்பை நன்கு காட்டுகின்றன.

ஹிஜ்ரி மாதங்கள் பருவங்களினூடே நகர்ந்துகொண்டிருப்பதால் விதைப்புக்கும் அறுவடைக்கும் அவை உதவா. ஆகவே நைல் கரையின் உழவர்கள், மதம் எதுவாயினும், காப்டிக் மாதங்களைக் கைவிடவில்லை. அவற்றைச் சுற்றி வளர்ந்த பழமொழிகள் இன்றும் வழங்குகின்றன. ஜனவரியில் தொடங்கும் தூபா மாதம் இளம்பெண்ணையும் கிழவியாக்கிவிடும் என்பார்கள். குளிர் அவ்வளவு கடுமை. அதையடுத்து வரும் அம்ஷீர் புழுதிக் காற்றுக்குப் பெயர்போனது. மார்ச் பத்தாம் தேதியளவில் பிறக்கும் பரம்ஹாத்தில் ‘வயலுக்குப் போ, அள்ளிக்கொண்டு வா’ என்பது வழக்கு. ஜூனில் வரும் பவூனாவின் வெயில் கல்லையும் பிளக்கும். பயணத்துக்கு ஏற்ற மாதம் எது என்று கேட்பவர்களுக்கு இந்தப் பழமொழிகளே போதிய விடை தருகின்றன. அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான காலம் உகந்தது. அதிலும் தூபாவின் இரவுகளுக்குக் கம்பளி ஆடை தேவைப்படும். கோடையில் லக்சரையும் அஸ்வானையும் நண்பகலில் சுற்றிப் பார்ப்பது உடலுக்குப் பெருந்துன்பம்.

இத்தனைக்கும் ஆதாரமாக இருந்த வெள்ளம் இப்போது எகிப்துக்குள் வருவதில்லை. 1960-இல் தொடங்கி 1970-இல் முடிக்கப்பட்ட அஸ்வான் உயரணை நைலின் பெருக்கைத் தடுத்து, மின்சாரத்தையும் ஆண்டு முழுவதும் பாசனத்தையும் தந்தது. கூடவே அஸ்வானுக்குத் தெற்கே நைல் கரையில் வாழ்ந்துவந்த நூபிய மக்களின் எகிப்துப் பகுதி ஊர்களை நீரில் மூழ்கடித்தது. 1963-64-இல் ஏறத்தாழ ஐம்பதாயிரம் நூபியர் கோம் ஓம்போ வட்டாரத்தில் குடியமர்த்தப்பட்டனர். அபு சிம்பெல் கோயில்கள் 1964 முதல் 1968 வரை அறுத்தெடுக்கப்பட்டு, ஏறக்குறைய 65 மீட்டர் உயரமான இடத்தில் மீண்டும் அமைக்கப்பட்ட வரலாற்றை வழிகாட்டிகள் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அக்கோயில்களைக் காப்பாற்றிய அதே ஆண்டுகளில் தம் வீடுகளையும் பேரீச்ச மரங்களையும் முன்னோரின் புதைகுழிகளையும் விட்டுச் சென்ற மக்களைப் பற்றி அவர்கள் அந்த அளவுக்குச் சொல்வதில்லை. அஸ்வானில் உள்ள நூபிய அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்குவது இந்தக் குறையை ஓரளவு போக்கும்.

வெள்ளம் ஒரு காலத்தில் எவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதைக் கெய்ரோவிலேயே பார்க்கலாம். ரோதா தீவின் தென்முனையில் கி.பி. 861-இல் கட்டப்பட்ட நைல் அளவுமானி இருக்கிறது. ஆழமான கிணறு ஒன்றின் நடுவே, முழக் கணக்கு செதுக்கப்பட்ட எண்முகத் தூண் நிற்கிறது. நீர் பதினாறு முழத்தைத் தொட்டால் அந்த ஆண்டு விளைச்சல் உறுதி. அதன்பின் கால்வாயின் கரையை வெட்டி விழா எடுப்பார்கள், நிலவரியும் அப்போதுதான் விதிக்கப்படும். மிகக் குறைந்தால் பஞ்சம், மிகுந்தால் அழிவு. கெய்ரோவுக்குச் செல்பவர்களில் மிகச் சிலரே இங்கு வருகின்றனர். என் கருத்தில், ஒரு பிரமிடைக் குறைத்துக்கொண்டேனும் இதைப் பார்ப்பது தகும். ஒரு நாட்டின் முழு வாழ்வும் ஒரு தூணின் கோடுகளில் தங்கியிருந்ததை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது.

நாட்காட்டியைக் காத்துவந்த காப்டிக் மக்களே பழைய எகிப்திய மொழியின் இறுதி வடிவத்தையும் காத்தனர். தேதியுடன் கிடைத்துள்ள கடைசிச் சித்திர எழுத்துக் கல்வெட்டு கி.பி. 394-இல் பிலே கோயிலில் பொறிக்கப்பட்டது. அதற்குள்ளாகவே அம்மொழி கிரேக்க எழுத்துகளோடு சில பழைய குறிகளையும் சேர்த்துக்கொண்டு காப்டிக் என்னும் புது வடிவத்தில் எழுதப்படலாயிற்று. அரபு மொழி வந்தபின் அது பேச்சிலிருந்து மெல்ல மறைந்தாலும் வழிபாட்டில் நிலைத்தது. 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் சித்திர எழுத்தைப் படித்தறிந்தபோது, அவர் ஏற்கெனவே கற்றிருந்த காப்டிக் மொழியே பெருந்துணையாக இருந்தது. பழைய கெய்ரோவில், பாபிலோன் எனப்படும் ரோமானியக் கோட்டையின் வாயிற்கட்டடத்தின் மேல் எழுப்பப்பட்ட ‘தொங்கும் தேவாலயம்’ போன்ற இடங்களில் வழிபாட்டு நேரத்தில் அமைதியாக நின்று கேட்டால், அரபுக்கு இடையிடையே அந்த மொழி பாடப்படுவதைக் கேட்கலாம். எகிப்தியரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் கிறித்தவர் என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது. அவர்களில் பலர் வலது மணிக்கட்டின் உட்புறத்தில் சிறிய சிலுவையைப் பச்சை குத்தியிருப்பார்கள். அவர்களின் கிறிஸ்துமஸ் ஜனவரி 7 அன்று வருகிறது. 2002-இல் வெளியான அறிவிப்பின்படி அது நாடு முழுவதற்கும் அரசு விடுமுறையாயிற்று.

காப்டிக் திருச்சபையின் நோன்பு நாள்களை எல்லாம் கூட்டினால் ஆண்டில் இருநூறைத் தாண்டும். நோன்பில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் ஆகியவற்றை விலக்குவார்கள். மரக்கறி உண்ணும் பயணிக்கு இது பெரிய வாய்ப்பு. உணவகத்தில் ‘சியாமி’ உணவு இருக்கிறதா என்று கேட்டால் போதும், நோன்புக்கு ஏற்ற உணவு வரும். சில நோன்புகளில் மீனுக்கு அனுமதி உண்டு என்பதால் அதை மட்டும் தனியே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். நோன்பில்லாத நாளிலும் கவலையில்லை. இரவு முழுவதும் மெல்லிய சூட்டில் வேகும் ஃபூல் என்னும் அவரையினக் கூழும், அதே பயற்றை அரைத்துக் கீரையும் கொத்தமல்லியும் சேர்த்துப் பொரிக்கும் தாமிய்யாவும் எகிப்தியரின் அன்றாடக் காலை உணவு. அரிசி, பயறு, மக்ரோனி, கொண்டைக்கடலை ஆகியவற்றின் மேல் தக்காளிச் சாறும் பூண்டுக் காடியும் ஊற்றி, முறுகப் பொரித்த வெங்காயம் தூவித் தரும் கொஷரி நகரத் தெருக்களின் உணவு. இந்தியக் கிச்சடியிலிருந்தே இது தோன்றியது என்று பலர் கருதுகின்றனர்.

இந்த நாட்காட்டி தரும் விழாக்களில் மிக அழகானது ஷம் எல்-நெசீம். காப்டிக் ஈஸ்டருக்கு மறுநாளான திங்கட்கிழமையில், பெரும்பாலும் ஏப்ரலிலோ மே முதல் வாரத்திலோ இது வரும். ஈஸ்டர் கிறித்தவர்களுக்கு உரியது. மறுநாள் எல்லோருக்கும் உரியது. பழைய எகிப்தின் வசந்த விழாவிலிருந்து இது தொடர்ந்து வருவதாக எகிப்தியர் உறுதியாக நம்புகின்றனர். அன்று குடும்பங்கள் விடியற்காலையிலேயே பாய், தட்டுமுட்டுகளுடன் நைல் கரைக்கும் பூங்காக்களுக்கும் சென்று அமர்ந்து, வண்ணம் தீட்டிய முட்டைகளையும் வெங்காயத் தாளையும் கீரையையும் ஃபெசீக் எனப்படும் உப்பில் ஊறிய மடவை மீனையும் உண்பார்கள். டெல்டாவின் நபரோ என்னும் ஊர் இந்த மீனுக்குப் பெயர் பெற்றது. மீன் சரியாகப் பதப்படாவிட்டால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு அதில் உருவாகும் என்பதால் சுகாதார அமைச்சகம் ஒவ்வோர் ஆண்டும் எச்சரிக்கை விடுக்கிறது. பழக்கமில்லாதவர்கள் அதன் மணத்தோடு நிறுத்திக்கொண்டு, ரிங்கா என்னும் புகையூட்டிய மீனைச் சுவைக்கலாம்.

இனிப் பிறை நாட்காட்டிக்கு வருவோம். ரமலான் மாதம் ஆங்கிலத் தேதிப்படி ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள்கள் முன்னதாகவே வரும். அந்த மாதத்தைத் தவிர்த்துப் பயணம் செய்யுமாறு பலர் அறிவுறுத்துவதை நான் ஏற்பதில்லை. பகலில் அலுவலக நேரம் குறைந்திருக்கும். நினைவுச்சின்னங்கள் சற்று முன்னதாக மூடப்படலாம். பல உணவகங்கள் திறந்திருக்கமாட்டா. ஆனால் மாலையில் பாங்கு ஒலித்ததும் வழிப்போக்கர் யாரும் அமர்ந்து நோன்பு திறக்கத் தெருவில் இலவசப் பந்திகள் விரிக்கப்படுவதையும், ஃபானூஸ் என்னும் வண்ணக் கண்ணாடி விளக்குகள் சந்துதோறும் தொங்குவதையும், விடியலுக்கு முன் உண்ணும் சஹர் நேரத்தில் முரசடித்து மக்களை எழுப்பும் மிசஹ்ஹராத்தி நடந்து செல்வதையும் வேறு மாதத்தில் பார்க்க முடியாது. கி.பி. 969-இல் ஃபாத்திமிய அரச மரபினர் நிறுவிய பழைய நகரின் முதுகெலும்பான முயிஸ் தெருவும் அதையொட்டிய கான் எல்-கலீலி சந்தையும் அந்த இரவுகளில் விடியும்வரை உறங்குவதில்லை. பகற்பொழுதில் பொது இடத்தில் உண்பதையும் குடிப்பதையும் தவிர்ப்பது மரியாதை; யாரும் கேட்கமாட்டார்கள் என்பதற்காக அதை மீறக் கூடாது.

இதே நாட்காட்டியைச் சார்ந்தவை மூலித் எனப்படும் விழாக்களில் பெரும்பாலானவை. இறைநேசர் ஒருவரின் அடக்கத்தலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் இந்த விழா, தமிழகத்து தர்காக்களின் கந்தூரியை அறிந்தவர்களுக்கு உடனே புரியும். இறைவன் பெயரைக் கூட்டாக ஓதும் திக்ரு வட்டங்கள், இனிப்புக் கடைகள், ஊஞ்சல்கள், குதிரை ஆட்டம், கம்பைச் சுழற்றி ஆடும் தஹ்தீப் என எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். தஹ்தீபை யுனெஸ்கோ 2016-இல் மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. கிறித்தவர்களுக்கும் இத்தகைய விழாக்கள் உண்டு. அஸ்யூத் அருகே துரூன்காவில் ஆகஸ்ட் மாதம் மரியன்னைக்கு எடுக்கும் விழாவில் முஸ்லிம்களும் கலந்துகொள்கின்றனர். எல்லா மூலித்களும் பிறையைப் பின்பற்றுவதுமில்லை. தந்தா நகரின் சையித் அஹ்மத் அல்-பதவி மூலித் அக்டோபரில், உழவர்களின் கையில் அறுவடைப் பணம் புரளும் நேரத்தில் நடக்கிறது.

மூன்று காலங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர் லக்சர் கோயிலில் நிதானமாக ஒரு மாலை நேரத்தைச் செலவிட வேண்டும். மூன்றாம் அமென்ஹோதெப் கட்டிய கோயில் அது. இரண்டாம் ராம்செஸ் முன்முற்றத்தைச் சேர்த்தார். உள்ளே அலெக்சாந்தரின் பெயரில் ஒரு கருவறை இருக்கிறது. ரோமானியர் அதைப் படைமுகாமாக்கி ஓர் அறையின் சுவரில் ஓவியம் தீட்டினர். பின்னர் தேவாலயங்கள் எழுந்தன. அதன்பின் கோயில் மண்ணில் புதைந்து, மேலே ஊர் அமைந்தது. 13ஆம் நூற்றாண்டின் சூஃபி ஞானி அபு அல்-ஹக்காகின் பள்ளிவாசல் அந்த மேட்டின்மீதுதான் கட்டப்பட்டது. 1880களில் மண்ணை அகற்றியபோது பள்ளிவாசலை மட்டும் விட்டுவைத்தனர். ஆகவே அதன் பழைய வாசல் இன்று முற்றத்தின் தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில், யாரும் ஏற முடியாத இடத்தில் நிற்கிறது. அந்த உயரமே புதைந்துபோன நூற்றாண்டுகளின் அளவு.

அங்கிருந்து பெருந்தூண் மண்டபத்துக்குச் சென்றால், துத்தன்காமுன் காலத்தில் செதுக்கிய ஓபெத் விழாக் காட்சிகள் சுவரில் தெரியும். வெள்ளக் காலத்தில் அமுன் தெய்வத்தின் படகை அருகிலுள்ள கர்னாக் கோயிலிலிருந்து லக்சருக்குக் கொண்டுவரும் விழா அது. ஷஅபான் மாதத்தின் நடுவில், ரமலானுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு நடக்கும் அபு அல்-ஹக்காக் மூலித்திலும் படகுகளை ஊர்வலமாகக் கொண்டு செல்கின்றனர். முந்தையதிலிருந்து பிந்தையது நேராக வந்தது என்று மெய்ப்பிக்கும் ஆவணம் இல்லை. ஞானியின் கடற்பயணத்தைக் குறிப்பது என்றே உள்ளூரில் பலர் விளக்குவர். ஆனால் ஒரே ஊரில், ஒரே கோயிலைச் சுற்றி, நைல் மக்களுக்கு மிக நெருக்கமான படகே இருமுறையும் ஊர்வலத்தின் நடுவில் இருப்பதை வெறும் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆங்கில நாட்காட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1952 புரட்சியின் நினைவான ஜூலை 23, 1973 போரின் நினைவான அக்டோபர் 6 ஆகியவை விடுமுறை நாள்கள். பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய இரு நாள்களில் உதயசூரியனின் ஒளி அபு சிம்பெல் பெருங்கோயிலின் கருவறை வரை பாய்ந்து, அங்குள்ள நான்கு சிலைகளில் மூன்றின்மேல் விழும். ப்தா தெய்வத்தின் சிலை மட்டும் இருளிலேயே இருக்கும். அந்நாள்களுக்கு விடுதி கிடைப்பது கடினம்.

எந்த மதத்தவரின் எந்த நாட்காட்டிப்படியும் வராத ஒரு சடங்கு குழந்தை பிறந்த ஏழாம் நாளில் நடக்கும் சுபூ. குழந்தையைச் சல்லடையில் கிடத்தி மெல்ல அசைத்து, காதருகே பித்தளை உரலை இடித்து ஒலியெழுப்பி, தாய் குழந்தையை ஏழு முறை தாண்டிச் செல்ல, மெழுகுவர்த்தி ஏந்திய சிறுவர்கள் சூழ உப்பைத் தூவி வீட்டைச் சுற்றி வருவார்கள். முஸ்லிம் வீட்டிலும் கிறித்தவர் வீட்டிலும் இது ஒன்றுபோல நடக்கிறது. அழைப்பு வந்தால் தயங்காமல் செல்லுங்கள். குழந்தையைப் புகழும்போது ‘மாஷா அல்லாஹ்’ என்று சேர்த்துச் சொல்வது கண்ணேறு அஞ்சும் பெற்றோருக்கு ஆறுதல் தரும்.

விழா நாள் எதுவாயினும் வாழ்த்து ஒன்றே. ஆணிடம் ‘குல் சனா வின்த்த தய்யிப்’ என்றும் பெண்ணிடம் ‘குல் சனா வின்த்தி தய்யிபா’ என்றும் சொல்லலாம். ரமலானுக்கும் கிறிஸ்துமசுக்கும் ஷம் எல்-நெசீமுக்கும் பிறந்தநாளுக்கும் இது பொருந்தும். பள்ளிவாசலுக்குள் காலணி கழற்றி, தோளும் முழங்காலும் மறையும் உடையில் செல்ல வேண்டும். பெண்கள் தலையை மூட ஒரு துணி வைத்திருப்பது நல்லது. வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் பார்வையாளராக நுழையக் கூடாது. மூலித்தில் திக்ரு செய்கிறவர்களையும் தேவாலயத்தில் வழிபடுகிறவர்களையும் கேட்காமல் படமெடுக்கக் கூடாது. நோன்புக் காலங்களில், கெய்ரோவுக்கு வடமேற்கே பாலைவனத்தில் உள்ள வாதி நத்ரூனின் காப்டிக் மடங்களில் சில வெளியாரை உள்ளே விடுவதில்லை என்பதால், கெய்ரோவிலிருந்து வண்டி அமர்த்துவதற்கு முன்பே அந்த வாரத்தின் காப்டிக் தேதியைப் பார்த்துவிட்டு, மடத்துக்குத் தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொள்வது அவசியம்.